செங்கமலம் எடுத்த மண்குதிரை

திருமயத்துக்குத் தெற்கே மானாவாரிக் காடு வைத்திருந்த அடைக்கலத்தின் பெண்டாட்டி செங்கமலம் அழுத்தக்காரி. மூன்று பிள்ளைகளையும் வாய்விட்டு ஒரு சத்தம் போடாமல் பெற்றவள். அப்படிப்பட்டவளையே ஐம்பத்திரண்டாம் வருஷத்துத் தை மாதத்தில் புருஷனின் அலறல் ஆட்டிவைத்துவிட்டது. வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் சுருண்டு கிடந்தான். தொட்டால் துடித்தான்.

புதுக்கோட்டை ஆசுபத்திரிக்கு வண்டி கட்டச் சொல்லிவிட்டு, "அய்யனாரே, இந்த வலிய மட்டும் எடுத்துரு. ஒனக்கு மண்குதிரை எடுக்குறேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

மாடு பூட்டுவதற்குள் அடைக்கலத்தின் பெரியப்பா ஆண்டியப்பன் வந்து சேர்ந்தார். சர்க்கார் பெர்மிட்டில் அபின் வாங்கித் தின்கிற மனுஷர். மடியிலிருந்து கொஞ்சம் கிள்ளி, "முழுங்குடா, பறந்துரும்" என்றார். பிள்ளை துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் கொடுத்ததுதான், வேறென்ன.

பறந்துதான் போனது. அடைக்கலம் காலை நீட்டிப் படுத்தான். சிரிக்கக்கூடச் செய்தான். "வலி அங்கிட்டு எங்கயோ கெடக்கு புள்ள. என்னுது மாதிரியே இல்ல" என்றான்.

அந்தச் சொல்லிலேயே எல்லாம் இருந்தது. ஆனால் அது பிடிபட அவள் என்ன டாக்டரா? வேண்டுதல் பலித்தால் வாசல் தாண்டும் முதல் காலடி கோயிலுக்குத்தான் என்பது அந்த வீட்டு வழக்கம். ஆசுபத்திரிக்குப் பூட்டிய வண்டி அய்யனார் கோயிலுக்குத் திரும்பியது. பொங்கல் வைத்தார்கள். நடுவில் அவன் முகம் சுளித்தபோது பெரியப்பா இன்னொரு கிள்ளு கொடுத்தார். பொழுது சாயும்போது மறுபடியும் ஒன்று.

மறுநாள் காலையில் அவன் உடம்பு அனலாய்க் கொதித்தது. வயிறு பலகையாய் இறுகிக் கிடந்தது. முனகல் மட்டும் இல்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது. இமையை விலக்கினால் கருமணி கடுகாய்ச் சிறுத்திருந்தது. அப்போதுதான் அவள் வண்டியை ஆசுபத்திரிக்கு விரட்டச் சொன்னாள்.

ஆசுபத்திரி டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கொடுத்தது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"குடல்வால் சீழ்வச்சு ஒடைஞ்சிருச்சும்மா. வலி அதத்தான் கத்திச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அபின் குடலச் சரிபண்ணல. மூளைக்குள்ள போயி அந்தக் கத்தலக் கேக்கவிடாமப் பண்ணிருச்சு. மூச்சு விடச் சொல்ற எடத்தையும் அமுக்கி வச்சிருக்கு. இந்த மூச்சோட மயக்க மருந்து குடுத்து அறுக்க முடியாது. தூங்கவிடாதீங்க. வலி தெரியற அளவுக்கு முழிப்பு வரட்டும்."

செங்கமலம் புருஷனைக் கிள்ளினாள். கன்னத்தில் அறைந்தாள். அவன்மேல் அவள் கைநீட்டியது அன்றுதான். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, சாமி" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. வெட்கமாவது மண்ணாவது. "அய்யனாரே, எடுத்த வலியத் திருப்பிக் குடுத்துரு. இன்னொரு குதிரை எடுக்குறேன்."

உச்சிவேளையில் அவன் உதடு அசைந்தது. அவள் காதை வைத்துக் கேட்டாள்.

"வலிக்குதாங்க?"

"இல்ல புள்ள. சொகமா இருக்கு."

அதற்குப் பிறகு இழுத்த மூச்சு வெளியே வந்தது, மறுபடி உள்ளே போகவில்லை.

வைகாசியில் ஊரே மண்குதிரைகளைச் சுமந்துபோய் அய்யனாருக்குப் புரவி எடுத்தபோது, தாலி இல்லாத கழுத்தோடு அவளும் ஒரு குதிரையைக் கொண்டுபோய் இறக்கினாள். எதற்கடி இது என்று கேட்டவர்களிடம், "மொத வேண்டுதலச் சாமி குடுத்துருச்சுல்ல" என்றாள்.