ஜம்புநாதனின் மூக்கும் லூச்சியாவின் தொட்டியும்

காவிரியின் அக்கரையில் சாராயம் ஊறினால், இக்கரையில் ஜம்புநாதனின் மூக்கு துடிக்கும். மாமனாரைப் பற்றி அனுசூயா யாரிடமும் இப்படித்தான் தொடங்குவாள். காவிரி கொஞ்சம் கூடுதல்தான், வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அவளே இறங்கியும் வருவாள். ஆனால் மதுவிலக்குப் பிரிவில் முப்பது வருஷம் ஊறல் பானை உடைத்த மனிதர் அவர். ஒரு பிராந்தி பாட்டில் கண்ணில் பட்டதற்காகச் சொந்தத் தம்பி வீட்டுப் படியேறுவதை விட்டவர்.

அவர் 1973 அக்டோபரில் மகன் ஜெயசங்கரைப் பார்க்க மொன்ட்ரியால் வந்தார். வந்த நேரம்தான் சரியில்லை.

ஜெயசங்கரும் அனுசூயாவும் நகரின் வடபகுதியான மொன்ட்ரியால்-நோரில் ஓர் இத்தாலியக் குடும்பத்தின் மாடியில் குடியிருந்தார்கள். கீழ்வீட்டு பியெத்ரோவும் மனைவி லூச்சியாவும் கடலோர மலைக்காரர்கள். அவர்கள் ஊரில் திராட்சைத் தோட்டம் கடலுக்கு மேலே படிப்படியாகத் தொங்குமாம். கூடையோடு கால் தவறினால் மீனுக்கு இரைதான். இங்கே வீட்டுக்குப் பின்னால் ஆற்றை நோக்கிச் சரிந்த மேட்டில், பியெத்ரோ கல் அடுக்கி அதேபோல் நான்கு படி கட்டினார். பனிக்காலத்தில் கொடிகளைப் படுக்கவைத்து மண்ணால் மூடி, வசந்தத்தில் எழுப்பி, வருஷக்கணக்கில் காத்து, அந்த இலையுதிர் காலத்தில்தான் முதல் ஒயினுக்குப் பழம் சேர்ந்தது.

பழத்தை மிதித்து நிலவறைத் தொட்டியில் விட்ட மூன்றாம் நாள் தந்தி வந்தது. பியெத்ரோவின் அம்மா ஊரில் தவறிவிட்டாள். லூச்சியா நிலவறைச் சாவியை அனுசூயாவின் கையில் திணித்தாள்.

"பழத்தோல் மேலே மிதந்து வரும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மரத்துடுப்பால் அமுக்கிவிடு. விட்டால் எல்லாம் வினிகர், மதாம்."

துக்கத்துக்குப் போகிறவளிடம் எப்படி மறுப்பது? மறுநாளே மாமனார் வந்து இறங்கினார்.

அனுசூயா சாம்பிராணி போட்டாள். பெருங்காயம் பொரித்தாள். புகையில் கிழவர் தும்மிக்கொண்டே இருந்தார். துணி துவைக்கப் போவதாகச் சொல்லி இரண்டு வேளையும் கீழே ஓடினாள். படியில் பலகை முனகினாலும் திரும்பிப் பார்த்தாள். தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டுவார். அதற்குப் பிறகு மகன் வீடும் தம்பி வீடுதான்.

அவர் வந்த ஐந்தாம் நாள் சாயங்காலம் துடுப்பும் கையுமாக நின்றிருந்தாள். படியில் மப்ளரும் குல்லாயும் தெரிந்தன.

"துணி எங்கம்மா?"

அனுசூயா தொட்டிக்கு முன்னால் நகர்ந்து நின்றாள்.

"இது நம்மளுது இல்ல மாமா. கீழ்வீட்டுக்காரரோட அம்மா தவறிட்டாங்க. பாத்துக்கறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

அவர் தொட்டியைச் சுற்றி வந்தார். பக்கத்திலிருந்த பெட்டிமேல் ஏறினார். கையை நீட்டித் துடுப்பை வாங்கினார். உடைக்கப்போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சளக் என்று கேட்டது.

"நடுவுலயே குத்திட்டிருக்க. ஓரத்த விட்டுட்ட பாரு. அங்கதான் முதல்ல கெடும்."

"உடைக்கலையா, மாமா?"

"வாரண்ட் கொண்டுவரலம்மா. இழவு வீட்டுச் சொத்து வேற. நகரு, புடவைல தெறிக்கும்."

லூச்சியா திரும்பி வரும்வரை இரண்டு வேளையும் அவரே அமுக்கினார். ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை. தொட்டி வினிகராகவும் இல்லை.

"சாம்பிராணி, பெருங்காயம் எல்லாத்தையும் தாண்டி, மாடியிலேர்ந்தே பிடிச்சிட்டார் பாருங்க. அதுதான் மூக்கு," என்று அனுசூயா முடிப்பாள்.

போன வாரம் விருந்தாளிகளுக்கு நடுவே ஜெயசங்கர் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னார்:

"அப்பாவுக்கு வந்த நாள்லேர்ந்து ஜலதோஷம். ரச வாசனையே தெரியலன்னு புலம்பிட்டிருந்தார். நீ பரிமாறும்போது விரலெல்லாம் ஊதாவா இருந்துது. என்னடா இதுன்னார். பீட்ரூட்னு சொல்லிவச்சேன். வந்ததுலேர்ந்து இந்த வீட்ல பீட்ரூட்டே சமைக்கலியேடான்னுட்டுக் கீழ இறங்கிப் போனார்."