மேஜைவிரிப்புக்காரனும் மற்ற பிரேசில் பாடகர்களும்

புது ஃபோன் வாங்கிக் கொடுத்த மகனை எந்தத் தாயாவது கடித்துக் குதறுவாளா? இவள் குதறினாள். சரியாகத்தான் செய்தாள் என்பது என் கட்சி. கேட்டுவிட்டு நீங்கள் எந்தக் கட்சி என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி வேலை. தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் துவைக்கும் மெஷின்கள் உருண்டுகொண்டே இருக்கும், மறுபக்கம் நீராவி சீறும். மேலே படுத்துத் தூங்கி எழுந்து போகிறவர்களுக்குக் கீழே இப்படி ஒரு அறை இருப்பதே தெரியாது. பல வருஷம் அங்கே நின்றதில் அவளுக்கு முழங்கால் தேய்ந்தது, கோபம் வளர்ந்தது. சூப்பர்வைசரில் தொடங்கி லிஃப்ட் வரைக்கும் எல்லாவற்றின் மேலும் கோபம். கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு 'பாய்லரம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் காதுபடவே கூப்பிடுவார்கள்.

மகன் கழித்துப் போட்ட பழைய ஃபோன் ஒன்று அவளிடம் இருந்தது. ஒருநாள் அதில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டு முடிந்ததும், ஃபோன் தன் இஷ்டத்துக்கு வேறு எதையோ போட்டது. கையில் பாதி தேய்த்த மேஜைவிரிப்பு, அதனால் நிறுத்த முடியவில்லை. ஒரு கிடார், ஒரு ஆண் குரல். சண்டை முடிந்து சமாதானம் பேச வந்தவன் மாதிரி அத்தனை தணிவு. அந்த விரிப்பைத் தேய்த்து முடிக்கும்வரை அவளுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அதுவே அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

விளக்கு மாற்ற வந்த எலக்ட்ரீசியன் திரையை எட்டிப் பார்த்தார்.

"பிரேசில் பாட்டும்மா. போசா நோவான்னு போட்டிருக்கு."

"பந்து விளையாடற ஊர்தானே? பாடவும் செய்வாங்களா?"

"செய்வாங்களாவா? இன்னும் சம்பான்னு ஆட்டப் பாட்டு இருக்கு, என்னென்னவோ இருக்கு. தோண்டிப் பாருங்க."

தோண்டினாள். அந்த எழுத்துகளை அவளுக்குப் படிக்க வராது. பிடித்த பாட்டு வந்தால் திரையில் இருக்கும் இதயக் குறியைத் தட்டிவிடுவாள், முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வாள். பாடகர்களுக்கு அவளே பெயர் வைத்தாள், எந்தத் துணிக்கு யார் பாட்டு ஒத்துவருகிறதோ அந்தப் பெயர். முதலில் வந்தவன் மேஜைவிரிப்புக்காரன். கரகரத்த குரலில் சம்பா பாடுகிறவள் படுக்கைவிரிப்புக்காரி. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையில் அவளுடைய கூட்டாளி நெட்டை நிற்பாள். நெருங்கு, முனையைக் கொடு, விலகு. அந்தத் தாளத்துக்கு இரண்டு பேரும் மடித்தால் மூலை மூலையோடு அப்படியே பொருந்தும். அக்கார்டியன் வாசித்து, ஃபொஹோ என்கிற அந்த ஊர் நாட்டுப்புறப் பாட்டு பாடுகிறவர் தலையணை உறைக்கு. தொப்பி போட்டுக்கொண்டு காதலிக்காக ஒப்பாரி வைக்கிற கிராமத்துப் பாட்டு ஜோடி வெயிட்டர் கோட்டுக்கு. இடிஇடியென்று இடிக்கிற தாளத்தில் பாடும் இளம்பெண் ஒருத்தி துண்டுக்கு. பாட்டில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியாது.

"புரிஞ்ச பாஷையில பேசினவங்க மட்டும் எனக்கு என்னத்த வாரிக் குடுத்தாங்க?" என்பாள்.

வீட்டில் போட்டால் கணவர், "யாரையோ கழுத்தை நெரிக்கறாங்க போலிருக்கே" என்பார். அதனால் வீட்டில் போடுவதில்லை.

இப்படி இருக்கும்போதுதான், அவளுக்கு விடுமுறையான ஒரு பகலில், மகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தான். மருமகள் கைதட்டினாள். கணவர், "உனக்கு வந்த வாழ்வைப் பாரு" என்றார்.

"பழசு எங்கடா?"

"எல்லாத்தையும் அழிச்சு மச்சானுக்குக் குடுத்துட்டேன்மா. அதுல என்னென்னவோ வேத்து பாஷைப் பாட்டா ரொம்பிக் கிடந்துச்சு. தானா ஏறியிருக்கும். அந்தப் பாட்டு அக்கவுண்டையே மூடிட்டேன். இதுல உன் வயசுக்கு ஏத்த மாதிரி பழைய பாட்டு, பக்திப் பாட்டு எல்லாம் போட்டு வெச்சிருக்கேன்."

"யாரைக் கேட்டு அழிச்சே?"

"குப்பைம்மா அது."

"என் பொருளைக் குப்பைன்னு சொல்ல நீ யாருடா?"

பிறகு அவள் பேசியதெல்லாம் அச்சில் ஏறாது. மருமகள் சமையலறைக்குள் ஓடிப்போனாள். "புது ஃபோன் வாங்கிக் குடுத்தா இப்படியா அத்தை?" என்று அங்கிருந்தே கேட்டாள். எனக்கு வயிறு எரிவது இங்கேதான். தானாக ஏறியதாம்! அம்மா ஒன்றைத் தேடிப் பிடித்து ரசித்திருப்பாள் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் எலக்ட்ரீசியன் புது ஃபோனில் சம்பா என்று தேடிக் கொடுத்தார். திரையில் ஒரு ஊரே திரண்டு வந்து வரிசையில் நின்றது. அந்தக் கூட்டத்தில் படுக்கைவிரிப்புக்காரியை எங்கே போய்த் தேடுவது? அன்றைக்கு விரிப்புகள் கோணல்மாணலாக மடிந்தன, சூப்பர்வைசரிடம் அவளும் நெட்டையும் திட்டு வாங்கினார்கள். "பாடிக் காட்டினா ஃபோனே கண்டுபிடிக்குமாமே, உன் பையன்கிட்ட கேளு" என்றாள் நெட்டை.

சாயங்காலம் அவள் மகனை எதிரே உட்கார வைத்தாள். கை சும்மா இருந்தால் மெட்டு வரவில்லை. கட்டிலிலிருந்து விரிப்பை உருவி, "இந்த முனையைப் பிடிங்க" என்று கணவரிடம் நீட்டினாள். அவர் அசடு வழிந்துகொண்டே பிடித்தார். மகன் ஃபோனை நீட்ட, அவள் நெருங்கியும் விலகியும் பாடினாள். வார்த்தை தெரியாத இடத்தில் வாய்க்கு வந்த வார்த்தை. குரலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஃபோன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எதுவும் கிடைக்கவில்லை என்றது. மேஜைவிரிப்புக்காரனைப் பாடினாள். கிடைக்கவில்லை. தலையணை உறைக்காரரும் கிடைக்கவில்லை.

மகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா, நீ பாடறது என்னன்னு ஃபோனுக்கே தெரியலைம்மா."

"ஃபோனை விடுடா. அது நேத்து வந்தது. நீ பொறந்ததுலேர்ந்து என்கூட இருக்கே. எனக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா? உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

மகனுடைய சிரிப்பு நின்றுபோனது. கணவர் விரிப்பின் முனையைப் பிடித்தபடி, அடுத்து எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று தெரியாமல் நின்றார். அவர் கையிலிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கி, தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு, அவள் தனியாகவே மடித்து முடித்தாள்.