ஐஸில் உறையாத எண்ணெய்

எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை. மிளகுத் தூசியும் சுக்குத் தூசியும் நெஞ்சில் ஏறி, ஐம்பது வயதுக்குள்ளேயே மூச்சிளைப்பு வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். தங்கை படித்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலைமை.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரு முதலாளி கூந்தல் எண்ணெய்க் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் நிலைமை தெரிந்து அவரே கூப்பிட்டு எனக்கு வேலை கொடுத்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அப்பாவுக்கு இரைப்பு அதிகமானபோதெல்லாம் தன் காரை அனுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னவர். அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு கொட்டகை. முன்னறையில் நாங்கள் நாலு பெண்கள் பாட்டிலில் லேபிள் ஒட்டுவோம். சுத்தமான வெளிச்செண்ணெயில் இருபத்தொரு மூலிகை சேர்த்துக் காய்ச்சியது, ரசாயனம் கிடையாது என்று லேபிளில் அச்சடித்திருக்கும். வெளிச்செண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய், அந்த ஊர் வார்த்தை. ஒரு மூலையில் காய்ந்த கரிசலாங்கண்ணியும் நெல்லிமுள்ளியும் சாக்கில் திறந்தே இருக்கும். உள்ளே நுழைந்தாலே மருந்துக்கடை வாசனை. பின்னால் கொட்டகைக்கு நாங்கள் போகக் கூடாது. காய்ச்சும் முறை ரகசியம் என்றார்கள். நானும் நம்பினேன்.

மதியத்துக்கு மேல் பையில் பாட்டில்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். சுள்ளிக்கல், தோப்பும்படி, போர்ட் கொச்சி என்று எல்லாத் தெருவும் அத்துப்படி. நன்றாகப் பேசுவேன். தமிழ் வாடையோடு நான் பேசும் மலையாளம் அந்தப் பெண்களுக்குப் பிடித்திருந்தது. என் தலைமுடி வேறு இடுப்புக்குக் கீழே தொங்கும். அதைப் பார்த்தே வாங்கிவிடுவார்கள். அந்த முடி அம்மா தேய்த்துவிட்ட வெறும் தேங்காயெண்ணெயில் வளர்ந்தது என்று நான் சொன்னதில்லை.

சுள்ளிக்கல்லில் ஒரு சேச்சி. பிரசவம் முடிந்து ஐந்து மாதம். குழந்தையைக் குளிப்பாட்டும் முன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்ப்பது அங்கே வழக்கம். இதைத் தேய்க்கலாமா என்று அவள் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தேய்க்கலாம், எல்லாம் செடி கொடிதானே என்று சொன்னேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. என் வாயாகச் சொன்னது.

அடுத்த தடவை போனபோது அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை. குழந்தையைத் தூக்கிவந்து முதுகைக் காட்டினாள். கழுத்திலிருந்து இடுப்புவரை சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப் போயிருந்தது. அவள் கத்தவில்லை. சமையல்கட்டிலிருந்து இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்று அவள் வீட்டு வெளிச்செண்ணெய், இன்னொன்று எங்கள் எண்ணெய். பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைத்து எடுத்திருந்தாள். அவள் வீட்டு எண்ணெய் வெள்ளையாக உறைந்து கல்லாகிக் கிடந்தது. எங்களுடையது தண்ணீர் மாதிரி ஆடியது.

"இதில் வெளிச்செண்ணெய் எங்கே இருக்கிறது மோளே?" என்று மட்டும் கேட்டாள்.

முகம் எரிந்தது. முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எதையோ சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் முதலாளி வருவதற்கு முன்பே போய், நேராகப் பின் கொட்டகைக்குள் நுழைந்தேன். அடுப்பே இல்லை. காய்ச்சினால்தானே அடுப்பு வேண்டும். பெரிய தகர டிரம்கள் வரிசையாக நின்றன. மேலே இங்கிலீஷில் லிக்விட் பாரஃபின் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் பச்சைச் சாயம் ஒரு டப்பா, சென்ட் இரண்டு கேன். கலக்கிக்கொண்டிருந்தவரிடம் இது என்ன சேட்டா என்று கேட்டேன். மண்ணெண்ணெய் எடுக்கும் அதே குரூட் எண்ணெயில் இருந்து வருவது, வாசனையும் நிறமும் கிடையாது, நாம்தான் சேர்க்கிறோம் என்று சாதாரணமாகச் சொன்னார். மூலிகை எப்போது போடுவீர்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சாக்கு ஏஜெண்டுகள் வந்தால் பார்ப்பதற்காக வைத்தது என்றார்.

முதலாளி வந்ததும் குழந்தையின் முதுகைப் பற்றிச் சொன்னேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். சென்ட் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, டாக்டர் செலவை நான் பார்க்கிறேன் என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். இது விஷம் இல்லை, ஆஸ்பத்திரியிலேயே இதைப் பயன்படுத்துகிறார்கள், தேங்காயெண்ணெய் மாதிரி சிக்கு நாற்றம் வராது, வருஷக்கணக்கில் கெடாது என்றார்.

"அப்படியென்றால் அதையே லேபிளில் போடலாமே முதலாளி."

"போட்டால் யார் வாங்குவார்கள்?"

அவர் அதை ஒளித்துச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்பது போலச் சொன்னார். அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தே ஒரு பொருளை என் கையில் கொடுத்து, என் முடியைக் காட்டி விற்க வைத்திருக்கிறார். நானும் ஒரு குழந்தையின் முதுகில் அதைத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் போர்ட் கொச்சியில் ஒரு மகளிர் சங்கத்தில் எங்கள் எண்ணெயைப் பற்றி நான் பேசுவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. முதலாளி எதுவும் நடக்காத மாதிரி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னால் போதும், நானும் வருகிறேன் என்றார். சரி என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் கரிசலாங்கண்ணி, நெல்லிமுள்ளி, மருதாணி எல்லாம் வாங்கி, நல்ல தேங்காயெண்ணெயில் போட்டு நானே காய்ச்சினேன். அம்மா என்னவென்று கேட்டாள். சொன்னேன். அடுப்பைக் கொஞ்சம் தணித்து வை, கருகிவிடும் என்றாள்.

கூட்டத்துக்குப் போகிற வழியில், மீனுக்கு ஐஸ் அடிக்கும் இடத்தில் ஓர் அலுமினியச் சட்டி நிறைய உடைத்த ஐஸ் வாங்கிக்கொண்டேன். சங்கத்துக் கூடத்தில் நாற்பது பெண்கள் இருப்பார்கள். முன்வரிசையில் சங்கத் தலைவி, பக்கத்தில் முதலாளி. மேஜைமேல் மூன்று சின்னப் பாட்டில்களை வைத்தேன். ஒன்றில் வெறும் தேங்காயெண்ணெய், ஒன்றில் நான் மூலிகை போட்டுக் காய்ச்சியது, மூன்றாவது எங்கள் கம்பெனியுடையது. மூன்றையும் ஐஸில் புதைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றேன். ஏதோ புது விளம்பர உத்தி என்று முதலாளி நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். லேபிளில் இருந்ததை ஒரு வரி விடாமல் நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

அரைமணி நேரம் கழித்துப் பாட்டில்களை வெளியே எடுத்து மூடியைத் திறந்து, ஒரு பாத்திரத்துக்கு மேலே ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். முதல் இரண்டிலிருந்தும் ஒரு சொட்டு விழவில்லை. மூன்றாவது பாட்டில் ஒரே நொடியில் காலியானது.

பின்வரிசையில் ஒரு பெண், நல்லெண்ணெயும் உறையாதே என்றாள். நியாயமான கேள்வி. ஆமாம் சேச்சி, ஆனால் இவர்கள் லேபிளில் போட்டிருப்பது வெளிச்செண்ணெய் என்றேன். முதலாளி எழுந்து, மூலிகைச் சத்து இறங்கிய எண்ணெய் உறையாது என்றார். நான் இரண்டாவது பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். இதிலும் அதே மூலிகைதான், நான் காய்ச்சியது, உறைந்திருக்கிறது என்றேன். பிறகு டிரம்மில் எழுதியிருந்த பெயரைச் சொன்னேன். குழந்தைக்குத் தேய்க்கலாம் என்று நான் சொன்னது தப்பு, அதற்கு என்ன ஆனது என்பதையும் சொன்னேன்.

சங்கத் தலைவிதான் முதலில் பேசினார். கோபம் என்மேல்தான். தின்ற சோற்றுக்கு நன்றி வேண்டாமா, உன் அப்பாவுக்கு இவர் எவ்வளவு செய்திருக்கிறார் என்று கேட்டார்.

"சோறு தின்றது நான்தான் அம்மா. ஆனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டது நீங்கள்."

முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்க் காரில் ஏறிவிட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேலை போனது. அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஊர் உலகத்தில் நடக்காததா, உனக்கு மட்டும் என்ன வந்தது என்று அம்மாவிடம் சொல்லி எனக்குக் கேட்க வைப்பார். மழைக்காலத்தில் அவருக்கு இரைப்பு வந்தபோது கார் வரவில்லை. நானும் தங்கையும் ஆட்டோ பிடித்துத் தூக்கிப்போனோம். அன்றைக்கு மட்டும், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, பேசாமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன். அப்பாவின் மூச்சு சீரானதும் அந்த நினைப்பும் போய்விட்டது.

அதற்குள் இன்னொரு வேலையும் செய்து முடித்திருந்தேன். எண்ணெய் விற்ற வீடுகளுக்கெல்லாம் வெறுங்கையோடு மறுபடி போனேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் உட்கார வைத்து சாயா கொடுத்தார்கள். போர்ட் கொச்சியில் ஒரு அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு அது போதும் என்றாள். சரி, தெரிந்துதானே வாங்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுள்ளிக்கல் சேச்சியின் வீட்டு வாசலில் நெடுநேரம் நின்றேன். குழந்தைக்குக் குணமாகியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

தோப்பும்படியில் ஒரு தையல்கடையில் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் கழித்து அதே எண்ணெயைக் கடையில் பார்த்தேன். வெளிச்செண்ணெய் என்ற வார்த்தை லேபிளில் இல்லை. இலைப் படம் மட்டும் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வார்த்தையையாவது பிடுங்கிவிட்டேன் என்று கொஞ்சம் திமிராகவும் இருந்தது.

இன்றைக்குக் கடைக்குப் போனால், அன்றைய என் வயசில் ஒரு பெண் நின்றுகொண்டு, முழுக்க இயற்கை மேடம், கெமிக்கலே இல்லை என்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இதைச் செய்கிற இடத்தை நீ பார்த்திருக்கிறாயா அம்மா என்று மட்டும் கேட்பேன். கூட வரும் மகள் என் கையைப் பிடித்து இழுப்பாள். ஆனாலும் கேட்பேன். தெரியாமல் சொன்னதற்கு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டவள் நான். தெரிந்த பிறகு நாற்பது பேர் முன்னால் சொன்னதற்கு இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன்.