ஏவறை வராத சம்பந்தி

போன ஞாயிறு எங்கள் தீவில், நாரந்தனையில் ஒரு விருந்து. என் மச்சான் கந்தையாவின் மகனுக்குப் பெண் பேசியிருக்கும் வீடு.

வயிறு நிறைந்ததற்கு எங்கள் தீவுகளில் ஒரே ரசீது உண்டு. ஏவறை! புத்தகத்தில் ஏப்பம் என்று எழுதுவார்களே, அதுதான்.

மச்சானுக்கோ ஏவறை வராது.

தெற்கில் கடை வைத்திருந்த காலத்தில் நெஞ்செரிவுக்கு ஒப்பரேஷன் செய்தவர். இரைப்பையின் மேல்பகுதியைச் சால்வை போல உணவுக்குழாயைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். புளிப்பு மேலே வராது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிலருக்குக் காற்றும் வராது, வாந்தியும் வராது. சைக்கிள் வால்வுதான்... உள்ளே போகலாம், திரும்ப ஏலாது.

"இதைச் சொல்லிப்போடாதையும். வருத்தக்காரக் குடும்பம், நோயாளிப் பரம்பரை எண்டு கலியாணத்தைக் குழப்பிப்போடுவினம்" என்று வாசலிலேயே என் வாயையும் கட்டிவிட்டார்.

கூழ் வந்தது. பெண்ணின் தகப்பன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சத்தமில்லை.

"என்ன, எங்கட கூழ் பிடிக்கேல்லையோ?"

பனையோலைப் பிளாவில் இன்னும் ஒருமுறை வார்த்தார். சத்தமில்லை.

"சோடா குடியுங்கோ, வரும்!"

குடித்தார். வரவில்லை. வயிறுதான் வந்தது, முரசு மாதிரி. வியர்த்து, வெளுத்து, வாந்தி எடுக்க ஓங்காளித்தார். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

பெண்ணின் தாய் உப்புத்தண்ணீரோடு ஓடிவந்தார். "குடியுங்கோ அண்ணை, சத்தி எடுத்தால் சரி!"

இனியும் இரகசியம் காத்தால் பிரேதம் காக்க வேண்டிவரும். நானும் சின்ன ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரியாக இருந்து ஓய்வுபெற்றவன் அல்லவா?

"ஊத்தாதேங்கோ! ஒப்பரேஷன் செய்த வயிறு. சத்தி எடுக்க ஏலாது, வெடிச்சுப்போடும். காரைக் கொண்டுவாங்கோ!"

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர். "வாய்வு போல. வெள்ளை மருந்து தாறன்."

"முதல் மூக்காலை குழாயை விடுங்கோ, டாக்டர். வெள்ளை மருந்தை நான் குடிக்கிறன்" என்று ஒப்பரேஷன் கதையைச் சொன்னேன்.

இத்தனை வருடம் கழித்து இப்படி வீங்குவது அபூர்வம்தான். ஆனால் அபூர்வம் எப்போதும் அடுத்த கட்டில்காரருக்குத்தான் என்று யார் சொன்னது?

குழாய் போனது. வாசல்வரை கேட்டது — 'பர்ர்ர்ர்...'

வயிறு வற்றியது. மச்சான் கண் திறந்தார். உயிர் தப்பியது, கலியாணம்? அவர் பார்வை வாசலுக்குப் போனது. அங்கே பெண்ணின் தகப்பன்.

"அப்ப, கூழ் நல்லாத்தான் இருந்திருக்கு!" என்றார் அவர்.

நாள் வைத்தாயிற்று. பந்தியில் சோடா மட்டும் கிடையாது.