உசிலம்பட்டியில் உட்கார்ந்து சாப்பிட ஒரு கடை

ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊர். அங்கே இருக்கும் மார்த்தா என்ற அக்கா, ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடைகளையும் சுற்றும் இடங்களையும் வீடியோ எடுத்துப் போடுவார். ஸ்கூலை விட்டதிலிருந்து எனக்குப் பேச்சுத்துணை அதுதான்.

மீன் வறுக்கும் கடையில் தனியாக உட்கார்ந்து, ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி சாப்பிடுவார். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நேற்று பயந்துகொண்டே, அந்தக் கடை பிடித்திருக்கிறது என்று ஒரு கமெண்ட் போட்டேன்.

"உன் ஊரில் நீ எங்கே சாப்பிடுவாய்?" என்று பதில் வந்தது.

எங்கேயும் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கடைச் சாப்பாடு என்றால் பார்சல்தான்.

இன்று துணிந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் புரோட்டா கடைக்குப் போனேன். மூலையில் ஒரு மேசை காலியாகத்தான் இருந்தது.

"பாப்பா, பார்சல் என்ன வேணும்?" என்றார் கல்லாவில் இருந்த அண்ணன்.

உட்கார்ந்து சாப்பிடணும் என்பது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"ரெண்டு புரோட்டாண்ணே."

"இம்புட்டுத்தானா? வீட்ல வேற யாருக்கும் வேணாமா?"

"எனக்கு மட்டுந்தாண்ணே."

"சரி, ஆறிப்போறதுக்குள்ள வீட்டுக்குப் போ."

பஸ்ஸில் வீடு வரைக்கும் சால்னா மடியில் சுட்டுக்கொண்டே வந்தது.

மார்த்தாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நம்ம ஊரில் ஒரு பொண்ணு தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட கடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஜன்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.