தொங்கிய வயர்

இருபது வருஷத்துக்கு முன்னால், கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் வாசலில் என் காரில் புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை நானே மாற்றினேன். அணுமின் நிலைய வேலையில் நான் எதை மாட்டினாலும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடணும். வீட்டில் அதெல்லாம் எதற்கு என்று, எட்டிப் பார்த்த மனைவியை உள்ளே போகச் சொல்லிவிட்டேன்.

வண்டியைக் கிளப்பினால் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. செங்கல்பட்டுக்கு ஓட்டிப் போய், டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டதாக, சென்சார் விற்ற கடைக்காரரிடம் எகிறினேன். அவர் பானெட்டைத் திறந்தார்.

"பொருள் நல்லாத்தான் கீது சார். வயரைத்தான் சொருகல" என்று மெதுவாகச் சொல்லி, சொருகி, விளக்கையும் அணைத்துக் கொடுத்தார்.

வீட்டில், "பார்ட்டுல சின்னக் கோளாறு" என்றேன்.

"வயர் தொங்கிகினு இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் பானெட்டை மூடுமுன் அவளைக் கூப்பிடுகிறேன். குனிந்து பார்த்துவிட்டு, "பேனா எங்க?" என்கிறாள்.