மூன்று மங்கள வார்த்தை நேரம்

கேமரா ஓடத் தொடங்கினால் ஸ்வீட்லினின் உதடும் அசையத் தொடங்கும். அவள் கடிகாரம் பார்ப்பதில்லை. மெழுகுவர்த்தி, மோதிரம் போன்ற சின்னக் காட்சிக்கு, ‘அருள் நிறைந்த மரியே’ என்னும் மங்கள வார்த்தை ஜெபம் ஒன்று. மணப்பெண் காரிலிருந்து இறங்கி மாதா கோயில் வாசலுக்கு வந்து சேர மூன்று. தாலி கட்டும் காட்சிக்கு, அதைவிட நீளமான விசுவாசப் பிரமாணம் முழுவதும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிகினு இருந்தா, எவளாச்சும் வந்து ‘சாப்ட்டியாடி’ன்னு கேப்பா, எண்ணிக்க பூடும். ஜெபம் சொல்லிகினு இருந்தா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா யக்கா" என்றாள்.

கரையான்சாவடியில் என் தையல் கடைக்கு மாடியில்தான் அவள் வீடு. வயது முப்பத்தேழு, கல்யாண வீடியோ எடுப்பவள். லென்ஸ் துடைக்க என்னிடம் பழைய மல் துணிதான் கேட்டு வாங்குவாள், புதுத் துணியில் கஞ்சி இருக்குமாம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டாள், நின்றபடியே இரண்டு இட்லி. ஊரார் முகத்தையெல்லாம் பிடிப்பவளுக்குத் தன் படம் என்று ஆதார் அட்டையில் இருப்பது ஒன்றுதான்.

பின்னாலேயே நடக்கிற தொழில் அது. பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால் வர, இவள் அவர்களைப் பார்த்தபடி பின்னால் போக வேண்டும். போன வருஷம் பூந்தமல்லி மண்டபம் ஒன்றில் அப்படிப் போனவள் மேடை முடிந்தது தெரியாமல் விழுந்தாள். கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்ததால் வலது மணிக்கட்டு அடியில் மாட்டியது. எலும்புக்குத் தகடு வைத்தார்கள். ஒன்பது மாதம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கை பழைய கை இல்லை என்று தொழிலில் பேச்சு பரவிவிட்டது. தழும்பு தெரியாதபடி ரவிக்கைக் கையை நீளமாக வைத்துத் தைத்துத் தந்தது நான்தான். கர்த்தர் மன்னிக்கட்டும்.

அந்தச் சமயத்தில்தான் மனோகரன் கூப்பிட்டார். அம்பத்தூரில் பெண்களுக்கென்றே சுற்றுலா நடத்துகிறவர். முப்பது பெண்களைச் சிக்கிமுக்கு அழைத்துப் போகிறார். பதினாறு நாள் கூடவே போய்ப் படமும் வீடியோவும் எடுக்க ஒரு பெண் வேண்டும். மலை மேல் புத்த மடங்களுக்குள் எண்ணெய் விளக்கு வெளிச்சம்தானாம். அதனால், "ஃபுல் பிரேம் கேமரா இருந்தா வாம்மா. இல்லாங்காட்டி வேற ஆளு கீறாங்க" என்று சொல்லிவிட்டார்.

ஃபுல் பிரேம் என்றால் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவது என்று நான் நினைத்திருந்தேன். ஸ்வீட்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். கேமராவுக்குள் படம் விழுகிற சில்லு பெரிதாக இருக்குமாம், இருட்டிலும் முகம் தெளிவாக விழுமாம். அவளுடைய பழைய கேமராவில் அது சின்னது. பழையதையும் அதன் லென்ஸ்களையும் கடையில் போட்டுவிட்டுப் புதியது எடுப்பது என்று முடிவானது. பத்து நாளாகத் தூக்கமில்லை அவளுக்கு. "கேமரா பாடி இன்னிக்கி ஒண்ணு, நாளைக்கி ஒண்ணு மாத்தலாம் யக்கா. லென்ஸு மாமியா ஊடு மாரி. எந்தக் கம்பெனி லென்ஸு எடுத்தோமோ அங்கியே குப்ப கொட்டணும்."

போன சனிக்கிழமை துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு பூந்தமல்லியில் கஜபதியின் கேமரா கடைக்குப் போனாள். மனோகரனும் அங்கே வந்திருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் பயணிகள் பெயரை அவர் டிக்கெட்டுக்குக் கொடுத்தாக வேண்டும். எதை வாங்குகிறாள், எப்படிப் பிடிக்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவள் பெயரைச் சேர்ப்பாராம்.

கஜபதி கண்ணாடி மேஜை மேல் இரண்டு கேமராவை வைத்தார். ஒன்று பெரியது. அதன் லென்ஸே அரைப்படிப் பாத்திரம் போலக் கனத்து நின்றது. உள்ளே விசிறி இருப்பதால் எவ்வளவு நேரம் வீடியோ ஓடினாலும் சூடாகாது. இன்னொன்று சின்னது. சில்லு அதே அளவுதான், லென்ஸும் இலேசு. ஆனால் நீளமாக ஓட்டினால் சூடேறி நின்றுவிடக்கூடும் என்றார்.

"பெரிசுதாம்மா நமக்கு கரெக்டு" என்றார் மனோகரன். "மடத்துக்குள்ள ஸ்டாண்டு வெக்க வுடமாட்டான். கையிலதான் புடிக்கணும். ஒரு நிமிசம் ஆடாம புடி, பாக்கலாம்."

ஸ்வீட்லின் பெரியதைத் தூக்கி, வாசல் வழியே ரோட்டைப் பார்த்துப் பிடித்தாள். பஸ்ஸும் ஆட்டோவும் போய்க்கொண்டிருந்தன. அவள் உதடு அசைய ஆரம்பித்தது. நானும் மனதுக்குள் கூடவே சொன்னேன். முதல் மங்கள வார்த்தை முடிந்தது. இரண்டாவதில் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவதில் மேலுதட்டில் வியர்வை. ஒரு நிமிடம் முடிந்து கேமராவை இறக்கியபோது சிரித்த முகத்தோடுதான் இறக்கினாள்.

"புடிச்சேன் சார்."

பிறகு சின்னதிலும் அதேபோல் எடுத்தாள். கஜபதி இரண்டையும் கடையில் இருந்த பெரிய டிவியில் போட்டார். முதலில் பெரியது. படம் அசையவே இல்லை. ஆட்டத்தைச் சமாளிக்கிற வித்தை இந்தக் காலத்துக் கேமராவுக்குள்ளேயே இருக்கிறதாம். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

ஆனால் டிவியில் சத்தமும் வந்தது. அவளுடைய பழைய கேமராவில் மைக் நன்றாக இராது, பாட்டு மேளத்தில் எல்லாம் அடங்கிப் போகும். இதிலோ அவள் முணுமுணுத்த ஜெபம் கோயில் ஒலிபெருக்கியில் கேட்பதுபோல் கணீரென்று கேட்டது.

"இன்னா சிஸ்டர், கேமராக்கு பேய் ஓட்றீங்களா?" என்றார் கஜபதி. மனோகரனும் சிரித்துவிட்டார். "நம்ம கூட வர்றவங்க கன்னத்துல போட்டுக்குவாங்கம்மா!"

ஸ்வீட்லின் சிரிக்கவில்லை. டிவியை நிறுத்தக் கை நீட்டினாள். ரிமோட் கஜபதியிடம் இருந்தது.

இரண்டாவது ஜெபத்தில் குரல் மெலிந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. பல்லைக் கடித்து இழுத்த மூச்சு ஒன்று கேட்டது. அப்புறம், யாருக்கும் கேட்காது என்று நினைத்துச் சொன்னது: "ஏசப்பா… இன்னும் கொஞ்சம்… கை வுட்ராத." படத்தில் ஒரு பஸ் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது.

மனோகரனின் சிரிப்பு நின்றது. "இன்னொன்னு போடு" என்றார். சின்னக் கேமராவின் படம் ஓடியது. மூன்று ஜெபமும் நிதானமாக, ஆமென் வரை வந்தன.

"கையில இன்னாம்மா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் முழங்கையை அழுத்தினாள்.

"ஒடைஞ்சிது சார், போன வருசம். பிளேட்டு வெச்சிகீது. பெரிசு ஒரு நிமிசத்துக்கு மேல தாங்காது. சின்னது நாள் பூரா தாங்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிகினுதான் ஒம்போது மாசம் ஊட்ல குந்திகினு இருந்தேன்."

மனோகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சின்னது சூடாயி நின்னுட்டா? முப்பது பேரு காசு குடுத்து வராங்கம்மா."

"சிக்கிம்ல பனி கொட்டுது சார். அங்க இன்னாத்துக்கு சூடாவும்? நானு ஒரு நிமிசத்துக்கு மேல ஒரே ஷாட்டு எடுக்கவும் மாட்டேன். மைக்க தனியா மாட்டி அவங்க பேச்ச புடிச்சிக்கிறேன், என் சத்தம் வராது." பெரியதைக் கஜபதி பக்கம் தள்ளி வைத்தாள். "பெரிசுதான் வோணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க. நானு சின்னதுதான் எடுக்கப் போறேன்."

கஜபதி டிவியை அணைத்தார். மனோகரன் இரண்டு கேமராவையும் மாறி மாறிக் கையில் தூக்கிப் பார்த்தார். பெரியதைக் கொஞ்ச நேரம் நீட்டிப் பிடித்தார். பிறகு அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் விரித்தார். முப்பது பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

"எழுது" என்று பேனாவை நீட்டினார்.

பெரியதைத் தூக்கிய களைப்பில் ஸ்வீட்லினின் வலது கை பேனா பிடிக்கும் நிலையில் இல்லை. அதை முந்தானைக்குள் மறைக்கவில்லை, மேஜை மேலேயே கிடக்க விட்டாள். பேனாவை இடது கையில் வாங்கி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் கோணல்மாணலாக, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.